தாளிப்பு அளவுக்கு ஒரு பாட்டு: ரிங்டோன் எப்படி உருவாகிறது?

நம் ஊரில் ஒரு மொபைல் போன் அடிக்க ஆரம்பித்தால், யாருமே எடுக்காவிட்டாலும் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை நிமிடம்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2019 நவம்பரில் மணியடிக்கும் நேரத்தை மொபைலுக்கு 30 விநாடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 விநாடி என்று வரையறுத்தது. அந்த 30 விநாடியையும் நாம் முழுதாகக் கேட்பதில்லை. போன் கையெட்டும் தூரத்தில் இருந்தால் நான்கைந்து விநாடியில் எடுத்துவிடுகிறோம். இது தெரிந்தும் பலர் நான்கு நிமிடப் பாட்டை அப்படியே ரிங்டோனாக வைத்துவிடுகிறார்கள். தம்புரா ஒலித்து, வயலின் மெல்ல எட்டிப் பார்ப்பதற்குள் கூப்பிட்டவர் சலித்துப்போய் வைத்துவிடுகிறார்.

பாட்டு சாம்பார் என்றால் ரிங்டோன் தாளிப்பு. ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் கடுகு, ஒரு வரமிளகாய், ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை. அளவு அவ்வளவுதான். ஆனால் அடுப்படியில் பொரிந்தால் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆளைக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. சாம்பாரில் ஒரு கரண்டி மொண்டு தனியாக வைத்தால் அது தாளிப்பாகிவிடாது. தாளிப்பைத் தனியாகத்தான் செய்தாக வேண்டும். உங்கள் சேகரிப்பிலுள்ள பாட்டிலிருந்து ரிங்டோன் எடுப்பதும் அப்படித்தான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் எளிது.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்து வைத்துவிடலாம். காலர் டியூன் வேறு, ரிங்டோன் வேறு. காலர் டியூன் உங்களைக் கூப்பிடுபவர் காதில் விழுவது. அது மொபைல் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது, அவர்கள் கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். ரிங்டோன் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு கோப்பு. அது முழுக்க உங்கள் அடுப்படி, உங்கள் இஷ்டம்.

முன்பெல்லாம் சமையலைப் போனே பார்த்துக்கொண்டது. 1994இல் வந்த நோக்கியா 2110 போனில் ஒலித்த அந்தப் புகழ்பெற்ற மெட்டு, ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா 1902இல் எழுதிய ‘கிரான் வால்ஸ்’ என்ற இசையிலிருந்து எடுத்தது. ஆனால் போனுக்குள் கிட்டார் ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. இந்த ஸ்வரத்தை இவ்வளவு நேரம் ஒலி, அடுத்து அதை ஒலி என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. சமையல் குறிப்பைக் கொடுத்தால் போன் தன்னிடமிருந்த ‘பீப்’ ஒலியைக் கொண்டு சமைத்துக்கொண்டது. 2000இல் வந்த நோக்கியா 3310இல் அந்தக் குறிப்பை நாமே எழுத முடிந்தது. 1 முதல் 7 வரையிலான பொத்தான்கள்தான் ஏழு ஸ்வரங்கள். 1ஐ ஸட்ஜமாக வைத்து வரிசையாகத் தட்டினால் சங்கராபரணத்தின் ஆரோகணம் வந்துவிடும். கமகம் மட்டும் வராது. பிறகு ‘பாலிஃபோனிக்’ என்று பெருமையாக விற்ற போன்களும் குறிப்பை வைத்துச் சமைத்தவைதான். கூடக் கொஞ்சம் பாத்திரங்கள் இருந்தன, அவ்வளவே. இன்றைய போன் குறிப்பு கேட்பதில்லை. சமைத்து முடித்த ஒலிப்பதிவையே வாங்கி அப்படியே பரிமாறுகிறது. அதனால் சமையல் நம் கைக்கு வந்துவிட்டது.

சரக்கு

முதலில் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்கும் ஆப்களில் ‘டவுன்லோடு’ செய்து வைத்திருக்கும் பாட்டு இதற்கு உதவாது. அந்தக் கோப்பு பூட்டப்பட்டது. அந்த ஆப்பால் மட்டுமே திறக்க முடியும். பந்தியில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், கட்டிக்கொண்டு போக முடியாது. காசு கொடுத்து வாங்கிய சிடி, பழைய கணினியில் கிடக்கும் எம்பி3, பரணில் இருக்கும் கேசட், நீங்களே போனில் பதிவு செய்த குரல் ஆகியவைதான் உங்கள் சரக்கு. உங்களிடம் உள்ள பாட்டிலிருந்து உங்கள் போனுக்கு மட்டும் ஒரு துண்டு எடுத்துக்கொள்வது சொந்த உபயோகம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதன் 52ஆம் பிரிவில் சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. அதே துண்டை ஊருக்கெல்லாம் விற்பதும் பரப்புவதும் வேறு கதை.

சரக்கின் தரம் ஏன் முக்கியம் என்று தெரிய, ஒலி எப்படிக் கோப்பாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்கும் அலை. சிடிக்காக அந்த அலையை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாகக் குறிக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என இரண்டு வரிசை. கணக்குப் போட்டால் நான்கு நிமிடப் பாட்டு 42 எம்பிக்கு மேல் வரும். இது பறித்த காய், எதுவும் போகவில்லை.

எம்பி3 என்பது வற்றல். ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்புர்க்கும் அவருடைய சகாக்களும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உழைத்து உருவாக்கிய முறை. 1995இல்தான் அந்தக் கோப்புகளுக்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். மனிதக் காதுக்கு ஒரு குணம் உண்டு. தவில் ஓங்கி விழும் அந்தக் கணத்தில் பக்கத்தில் தாளம் லேசாகத் தட்டினால் அது கேட்காது. எம்பி3 இப்படிக் கேட்காமல் போகக்கூடியதையெல்லாம் கண்டுபிடித்து எடுத்துவிடுகிறது. மீதியிருப்பதைச் சுருட்டி வைத்தால் 42 எம்பி பாட்டு, சாதாரணமாகப் புழங்கும் 128 கிலோபிட் தரத்தில் 4 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. வெயிலில் காய்ந்த கத்தரி வற்றல் டப்பாவில் அடங்குவதுபோல.

வற்றலைத் தண்ணீரில் ஊறவைத்தால் பச்சைக் கத்தரிக்காய் ஆகாது. எம்பி3யைச் சிடி வடிவத்துக்கு மாற்றினாலும் போனது திரும்பி வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு எம்பி3யைத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3யாகச் சேமித்தால் அது இரண்டாம் முறை காய்கிறது. அதைத் திறந்து சத்தம் கூட்டிச் சேமித்தால் மூன்றாம் முறை. பேருந்து நிலையக் கடைகளில் ‘ஒரே சிடியில் 150 பாட்டு’ என்று விற்றார்களே, அவற்றில் பல முதலிலேயே சருகாய்க் காய்ந்தவை. ஜால்ராவும் தாளமும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குழைந்து ஒலித்தால் அதுதான் அடையாளம். ஆகவே சேகரிப்பில் ஒரே பாட்டு சிடியிலும் எம்பி3யிலும் இருந்தால் சிடியிலிருந்து எடுங்கள். வேலை நடக்கும்போது சுருக்காத ‘வேவ்’ வடிவத்திலேயே வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் சுருக்குங்கள்.

கேசட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த ஆப்பிலும் கிடைக்காத சரக்கு அதில்தான் இருக்கிறது. அத்தை கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், ஊர்க் கோயில் கச்சேரி, பாட்டி பாடிய நலங்குப் பாட்டு. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு ஒரு 3.5 மில்லிமீட்டர் வயர் போதும். கேசட்டை ஓடவிட்டு, ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவின் அளவுகாட்டி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேசட்டுக்கே உரிய ‘ஸ்ஸ்’ இரைச்சல் கூடவே வரும். டேப் ரெக்கார்டரில் கேட்டபோது தொந்தரவு செய்யாத அந்த இரைச்சல் போனில் துருத்திக்கொண்டு கேட்கும். அதற்குக் காரணம் போனின் ஸ்பீக்கர்; அங்கேதான் அடுத்த வேலையும் இருக்கிறது.

எந்த இடத்தை எடுப்பது?

ரிங்டோன் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் எந்த ஆப், எந்த பட்டன் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் முக்கால்வாசி வெற்றி, பாட்டின் எந்த இடத்தை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

போனின் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தகடு. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்; அவ்வளவு சின்னத் தகட்டால் அது முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் குரல் எழும்பவே எழும்பாது. மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார், டிரம்ஸின் ‘தும்’ எல்லாம் அங்கே மறைந்துவிடும். சினிமாப் பாட்டில் அடிநாதமாக ஓடி நம்மை உலுக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் நம்பி ஒரு துண்டை எடுத்தால், போனில் கேட்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும்.

அதே சமயம் மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு அது கூர்மையாக இருக்கிறது. காதுக்குழாயின் நீளமே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. போன் ஸ்பீக்கருக்கும் அந்தப் பகுதி நன்றாக வரும். கேசட் இரைச்சல் துருத்திக்கொண்டு கேட்பது அதனால்தான். நமக்கு வேண்டிய சங்கதியும் அங்கே இருந்துவிட்டால் கவலையில்லை.

ஓர் உதாரணம்: நாதஸ்வரத்தில் மல்லாரி. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் வாசிக்கும் அந்த இசையில் சாகித்யம் கிடையாது. நாதஸ்வரத்தின் சீவாளி, அடிப்படை ஸ்வரத்தோடு அதன் மேல்மடங்கு ஒலிகளையும் வாரி இறைக்கிறது. அந்த மேல்மடங்குகள் பல, காது கூர்மையாக இருக்கும் பகுதியில் வந்து விழுகின்றன. தவிலில் தொப்பி போனாலும், விரல் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலை தெறிப்பாய்க் கேட்கும். திறந்த வெளியில், கூட்டத்துக்கு நடுவில், தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்றே அமைந்த வாத்தியம் அது. கைப்பைக்குள் இருக்கும் போனிலிருந்தும் கேட்கிறது.

புல்லாங்குழலின் நடு ஸ்தாயி சுமார்தான். மேல் ஸ்தாயிக்குப் போனால் எடுபடும். வீணையில் மீட்டு விழும் அந்த முதல் கணம் நன்றாகக் கேட்கும், தொடரும் கார்வை சீக்கிரம் கரைந்துவிடும். எனவே நீண்ட கார்வையுள்ள இடத்தைவிட மீட்டு அடுத்தடுத்து விழும் இடம் நல்லது. தானம் வாசிக்கும் பகுதி கச்சிதமாகப் பொருந்தும். ஆலாபனை வேண்டாம். அதன் அழகே மெல்ல மலர்வதில் இருக்கிறது. நான்கு விநாடியில் அதைக் கேட்பது ராகத்துக்கும் நியாயமில்லை. சிட்டைஸ்வரம் எடுங்கள், தனி ஆவர்த்தனத்தின் கோர்வையை எடுங்கள். திரைப்பாட்டு என்றால் பல்லவிக்கு முன் வரும் முன்னிசை, அல்லது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசை. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் அந்த இடங்களிலேயே தனியாக ஒரு பாட்டு இருக்கும். வயலின் கூட்டமும் குழலும் கிட்டாரும் பதினைந்து இருபது விநாடிக்குள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி முடித்துவிடும். ரிங்டோனுக்கென்றே அளந்து வைத்ததுபோல.

பாடும் குரலை ரிங்டோனாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வரி பாதியில் அறுபடும், சில சமயம் அர்த்தமே மாறிவிடும். அதோடு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் குரல்களோடு கலந்து, போன் அடிப்பது தெரியாமலே போகும். வாத்தியத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. பாட்டியின் நலங்குப் பாட்டு மாதிரி மனதுக்கு நெருக்கமான குரல் என்றால், அதை வைத்தே ஆக வேண்டும் என்றால், முழு வரி எட்டு விநாடிக்குள் முடியும் இடமாகப் பாருங்கள்.

எதை எடுத்தாலும், முதல் விநாடியிலேயே ஒலி முழுதாக இருக்க வேண்டும். கடுகு போட்டதும் வெடிக்க வேண்டும்.

நறுக்குவது

ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்தால் திரையில் நீலமாக ஓர் அலை தெரியும். அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒற்றைக் கோடாகிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஸ்பீக்கர் தகடு முன்னும் பின்னும் அசையப்போகும் பாதை. அலை உச்சியில் இருக்கும் இடத்தில் வெட்டினால், ஒலிக்கத் தொடங்கும் கணத்தில் தகடு சும்மா இருந்த இடத்திலிருந்து திடீரென்று உச்சிக்குத் தாவ வேண்டியிருக்கும். அந்தத் தாவல் காதில் ‘டக்’ என்று விழும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் அந்த ‘டக்’ வராது. காயைக் கணுவில் வெட்டாமல் கணுவுக்கு நடுவில் வெட்டுகிற முருங்கைக்காய்ப் பழக்கம்தான் இது. துண்டைத் தேர்ந்தெடுத்து இசட் விசையைத் தட்டினால் ஆடாசிட்டியே அருகிலுள்ள நடுக்கோட்டுப் புள்ளிக்கு இரு முனையையும் நகர்த்திவிடும். கூடுதல் பாதுகாப்புக்குத் தொடக்கத்தில் ஐந்து மில்லிவிநாடிக்கு ஒலி ஏறும்படி வைக்கலாம்; காதுக்கு அது தெரியாது. இரண்டு மூன்று விநாடிக்கு மெல்ல ஏற்றாதீர்கள். பல போன்களில் மணியைச் சன்னமாகத் தொடங்கி ஏற்றும் வசதி ஏற்கெனவே உண்டு. இரண்டும் சேர்ந்தால் போன் பாதி நேரம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு நீளம்? துண்டு முடிந்ததும் போன் அதை முதலிலிருந்து மறுபடி ஒலிக்கும். அந்த ஒட்டு தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் தாளக் கணக்கில் வெட்ட வேண்டும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஓர் அட்சரம் முக்கால் விநாடி என்கிற மத்திம காலத்தில் ஓர் ஆவர்த்தனம் 6 விநாடி. நான்கு ஆவர்த்தனம் 24 விநாடி. 30 விநாடிக்குள் பிசிறில்லாமல் அடங்குகிறது. ரூபகம் என்றால் ஆறு அட்சரம், அதே வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் நாலரை விநாடி. சமத்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. எடுப்பு சமத்துக்கு ஒன்றரை அட்சரம் தள்ளி வருகிற உருப்படி என்றால், அந்த எடுப்பில் தொடங்கி நான்கு ஆவர்த்தனம் கழித்து வரும் எடுப்புக்குச் சற்று முன் முடியுங்கள். மொத்தம் முழு ஆவர்த்தனமாக இருந்தால் போதும், சுழலும்போது தாளம் தப்பாது. திரைப்பாட்டில் தாளம் பெரும்பாலும் நான்கு நான்காகப் போவதால் இன்னும் எளிது.

கணக்கை அப்படியே நம்பி 24.000 விநாடி என்று வெட்டினால் சரியாக வராது. மேடையில் வாசிப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. நான்கு ஆவர்த்தனத்துக்குள் காலம் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் அலையின் படத்தில் மிருதங்க அடி எழும்பும் இடத்தைக் கண்ணால் பிடித்து, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்ட வேண்டும். முடிவிலும் அதேபோல், அடுத்த அடி விழப்போகும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால். பிறகு அந்தத் துண்டைச் சுழலவிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். தலையாட்டிக்கொண்டே கேளுங்கள். ஒட்டு வரும் இடத்தில் தலை தடுமாறினால் வெட்டு சரியில்லை. முடிவில் மீதியிருக்கும் கார்வை அறுபடுமே என்ற பயம் வேண்டாம். உடனே விழும் முதல் அடி அதை மூடிவிடும். எம்பி3 பயன்படுத்துகிற அதே காதின் குணம் இங்கே நமக்கும் உதவுகிறது.

உப்பும் வடிகட்டலும்

பழைய பதிவுகளை போனில் கேட்டால் சத்தம் போதவில்லை என்று தோன்றும். கூட்டலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு. அலையின் உச்சி, எண் வரிசையின் கடைசிப் படியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஏற இடமில்லை; உச்சி தட்டையாக அறுந்து, ஒலி கரகரக்கும். உப்பு கூடிப்போன குழம்பில் உப்பைத் திரும்ப எடுக்க முடியாத மாதிரி, அறுந்த உச்சியையும் சத்தத்தைக் குறைத்து மீட்க முடியாது. ‘நார்மலைஸ்’ என்ற வசதியில் உச்சியை மைனஸ் 1 டெசிபெல் என்று வைத்தால் எல்லைக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதைச் செய்வதற்கு முன் வடிகட்டினால் பலன் இரட்டிப்பு. போன் ஸ்பீக்கரால் ஒலிக்கவே முடியாத தாழ்ந்த ஒலிகள் கோப்புக்குள் இருந்துகொண்டு அலையின் உயரத்தில் பெரும் பங்கை அடைத்துக்கொள்கின்றன. ‘ஹை பாஸ்’ வடிகட்டியை 200 ஹெர்ட்ஸில் வைத்து அவற்றை எடுத்துவிட்டால் அலை தாழும். அந்த இடைவெளியில் காதுக்கு வேண்டிய ஒலிகளை உயர்த்த முடியும். நல்ல ஹெட்போனில் கேட்டால் துண்டு சோகையாக இருக்கும். போனில் கேட்டால் கணீரென்று இருக்கும். ஹெட்போனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். இது போனுக்கான சமையல். தம்புராவின் தாழ்ந்த ஸ்ருதி போய்விடுமே என்று கவலைப்படவும் வேண்டாம். மேல்மடங்கு ஒலிகள் இருந்தால், இல்லாத அடிப்படை ஸ்ருதியை மூளை தானே ஊகித்துக் கேட்டுக்கொள்கிறது. போன் ஸ்பீக்கரிலும் ஆண் குரலை ஆண் குரலாக நாம் கேட்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

டப்பாவும் அலமாரியும்

இனி எந்தக் கோப்பாகச் சேமிப்பது. ஆண்ட்ராய்டுக்கு எம்பி3 போதும். 192 கிலோபிட் தரத்தில் 25 விநாடித் துண்டு ஏறக்குறைய 600 கேபிதான் வரும். இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு நுணுக்கம்: எம்பி3 ஆக்கும்போது துண்டின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகக் கேட்கும்போது தெரியாது, ஆனால் சுழலும்போது ஒட்டில் ஒரு விக்கல் வரும். அவ்வளவு பாடுபட்டு ஆவர்த்தனம் பார்த்து வெட்டியவர்கள் ‘ஆக் வார்பிஸ்’ வடிவத்தில் சேமிக்கலாம். அதில் அந்த மௌனம் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களோடு வரும் மணிகளில் பலவும் அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன.

சேமித்த கோப்பை போனின் உள் சேமிப்பில் ‘ரிங்டோன்ஸ்’ என்ற ஃபோல்டரில் போடுங்கள். இல்லையென்றால் அதே ஆங்கிலப் பெயரில் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே அலாரத்துக்கும் மெசேஜ் ஒலிக்கும் தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். ஆண்ட்ராய்டு அவ்வப்போது அலமாரியைத் துழாவி எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. ரிங்டோன் தட்டில் இருப்பதை ரிங்டோன் பட்டியலில் காட்டுகிறது. உடனே தெரியவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். பிறகு செட்டிங்ஸில் ஒலிப் பகுதிக்குப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

ஐபோன்காரர்களுக்கு இது நெடுநாள் தலைவலி. அது கேட்கும் எம்4ஆர் கோப்பு ஏதோ தனி வகை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண ஏஏசி ஒலி. எம்4ஏ கோப்பும் அதே டப்பாதான். மூடியில் ஒட்டிய சீட்டில் ‘ஏ’ என்பதை ‘ஆர்’ என்று மாற்றினால் ஐபோனுக்கு அது ரிங்டோன். கணினி வழியாக இதைச் செய்தவர்கள் உண்டு. போனிலேயே ‘கராஜ்பேண்ட்’ ஆப்பில் துண்டைத் திறந்து, பகிரும் இடத்தில் ரிங்டோன் என்பதைத் தேர்ந்தெடுத்தும் வைக்கலாம். 30 விநாடிக்கு மேல் போனால் அதுவே வெட்டிவிடும். நாம் பார்த்துப் பார்த்து வெட்டிய ஆவர்த்தனம் போய்விடும் என்பதால் 30க்குள் நாமே முடித்துவிடுவது நல்லது. ஐஓஎஸ் 26 வந்த பிறகு இந்தச் சுற்றுவழியும் தேவையில்லை. ஃபைல்ஸ் ஆப்பில் கோப்பை அழுத்தி, பகிரும் பட்டியலிலேயே ரிங்டோனாக வைத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு மணி வைப்பதை அவசியம் செய்து பாருங்கள். தொடர்புகளில் ஒருவர் பெயரைத் திறந்தால் அவருக்கு மட்டும் தனி ரிங்டோன் வைக்க முடியும். அம்மாவுக்கு ஒரு வீணைத் துண்டு, பிள்ளையின் பள்ளிக்கு ஒரு தவில் துண்டு என்று வைத்துவிட்டால், கை வேலையாக இருக்கும்போது எழுந்து ஓட வேண்டுமா, பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாமா என்பது இரண்டே விநாடியில் தெரிந்துவிடும். கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்குத் திரையைப் படிக்காமலே யார் என்று தெரிகிற வசதி இது. அவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வீட்டில் நான்கைந்து பேருக்கு மட்டுமாவது செய்து கொடுக்கலாம். துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வயலின் துண்டுகளைவிட ஒரு வயலின், ஒரு நாதஸ்வரம், ஒரு கிட்டார் என்று வாத்தியமே வேறாக இருப்பது அவர்களுக்கு உதவும்.

எல்லாம் முடிந்தபின் சோதனை. போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடி, பையை அடுத்த அறையில் வைத்துவிட்டு, இங்கே மின்விசிறியையோ மிக்ஸியையோ ஓடவிடுங்கள். வேறு போனிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் துண்டின் தொடக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் அடிக்கு முன்னால் அரை விநாடி மௌனமோ, சன்னமான ஒரு கார்வையோ ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி சேமியுங்கள், வேறு பெயரில். சுருக்காத வேவ் கோப்பையும் அழிக்காமல் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்கும் போன் வேறு டப்பா கேட்டாலும், மறுபடி கேசட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.